மாறிச் சென்றோர்

அத்தியாயம் 9

காலை ஆறே முக்காலுக்குக் குளியலறையில் குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் குளிக்கவில்லை.

உள்ளே பேராசிரியரின் மனைவி பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. அதற்காகத்தான் குழாய்.

"அண்ணி, பைப்பை மூடுங்க. தண்ணி வீணாப் போகுது. நான் காதுல பஞ்சு வெச்சிருக்கேன்" என்றாள் பேராசிரியரின் தங்கை, சமையலறையிலிருந்து.

அவள் காதில் பஞ்சு எதுவும் இல்லை. பேராசிரியர் பார்த்தார். ஒரு வாரமாக அவர் இந்த வீட்டில் எதையும் சொல்வதில்லை.

போன வாரம் வெளியான வரைவுதான் காரணம். பொதுப் பல்கலைக்கழகங்களின் ஆணையம் இனி ஒவ்வொரு துறையையும் அளக்கப்போகிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலு வருடத்தில் பட்டம் வாங்கினார்கள் என்பது அளவு. மேலே வரும் துறைகளுக்கு நிரந்தரப் பணியிடங்கள். பாதிக்குக் கீழே போகும் துறை புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. மூடுவது என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

வரைவை எழுதியவள் தங்கை. ஆணையத்தில் அவளுக்கு அதுதான் வேலை. அதன் மேல் கருத்துச் சொல்ல ஆசிரியர் மன்றம் அனுப்புவது மனைவியை. நகரத்தின் ஓரத்து வளாகத்தில் மாலை நேர இயற்பியல் துறை அவளுடையது. பகலெல்லாம் எங்காவது உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கான துறை. அங்கே நாலு வருடத்தில் முடிப்பவர்களைத் தேட வேண்டும்.

பேராசிரியர், மத்திய வளாகத்தில் இயற்பியல் துறைத் தலைவர். அங்கே கிட்டத்தட்ட எல்லோரும் முடித்துவிடுகிறார்கள்.

எழுதியவளும் பேசப்போகிறவளும் இன்றைய கருத்துக்கேட்பு முடியும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. மாடியில் குடியிருந்து கீழே சாப்பிட வரும் தங்கை, அந்த விதியைக் கறாராகக் காத்தாள். மற்ற எல்லாவற்றையும் பேசினாள்.

குளியலறைக் கதவு திறந்தது.

"குளிச்சாச்சா அண்ணி?"

"ஆச்சு."

"முடி காஞ்சே இருக்கே."

"நாத்தனார் வேலையை நல்லாத்தான் பாக்கறே."

"சம்பளம் இல்லாத வேலை அண்ணி. அதையாவது ஒழுங்கா பாக்க வேண்டாமா?"

மனைவி சிரித்தாள். ரொட்டியை எடுத்து நின்றபடியே கடித்தாள். தங்கை பையை மாட்டிக்கொண்டாள்.

"அண்ணா, நான் உன் கார்ல வரல. பஸ்ல போயிடறேன். மூணு பேரும் ஒரே கார்ல போய் இறங்கினா, குடும்ப நாடகம்னு பேசுவாங்க."

"நாடகம்தானே" என்றார் பேராசிரியர்.

"உனக்கு அதுல வசனமே கிடையாது. பேசாம உக்காந்து பாரு."

போகும்போது அண்ணியின் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

*

கார் பாதித் தூரம் வந்திருந்தது. பேராசிரியர்தான் ஆரம்பித்தார்.

"நேத்து எங்க வளாக முதல்வர் ஒண்ணு சொன்னார். ஆணையத் தலைவர் மாலைத் துறைகளை விட்டுடலாம்னு நினைக்கிறாராம்."

"விட்டுடறதுன்னா?"

"அளக்க மாட்டாங்க. உங்களை மூடவும் மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு நடத்திக்கலாம். கொடுத்தா வாங்கிக்க. மேல எதுவும் பேசாதே."

சிக்னலில் கார் நின்றது. அவள் ஜன்னல் வழியாக ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒருவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் எத்தனை பேரை எங்கிட்ட அனுப்பினீங்க?"

"எண்ணிக்கிட்டா அனுப்பறேன்?"

அது உண்மை. அவர் எண்ணியதில்லை. முதல் வருடம் இரண்டு தாளில் தோற்ற பையன் ஒருவன் அவர் அறைக்கு வருவான். கண் சிவந்திருக்கும். ராத்திரியில் எங்கோ கிடங்கில் வேலை என்பான். பேராசிரியர் அவனை உட்காரவைத்து டீ வரவழைப்பார். "ஓரத்து வளாகத்துல மாலை வகுப்பு இருக்கு. அங்க ஒரு மேடம் இருக்காங்க. அவங்ககிட்ட போ, தேத்திவிட்டுடுவாங்க" என்பார். மாற்றல் தாளில் அங்கேயே கையெழுத்துப் போடுவார். அந்த மேடம் தன் மனைவி என்று ஒருவனிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

ஒருமுறை அவளை அழைத்துவரப் போனவர் வகுப்பு முடியும்வரை கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். கடைசி பெஞ்சில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் சீருடை. அவள் எழுப்பவில்லை. கரும்பலகையில் அவர் தவறவிட்ட பகுதியை மட்டும் அழிக்காமல், மீதி இடத்தில் நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டே போனாள். மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஓட்டுநர் விழித்தார். பலகையில் அவருக்கு வேண்டியது இருந்தது. எழுதிக்கொண்டார். அவள் விளக்கை அணைக்காமல் நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "அதுல என்ன இருக்கு?" என்றிருப்பாள்.

"கொடுத்தா வாங்கிக்க" என்றார் மறுபடி.

"பச்சை விழுந்துடுச்சு. எடுங்க" என்றாள்.

*

கருத்துக்கேட்பு நடக்கும் கூடத்தில் இடமில்லை. மேடையில் ஆணையத் தலைவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வங்கியில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர். தூங்குகிறார் என்று நினைத்து அசட்டையாகப் பேசியவர்கள் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

அவர் பக்கத்தில் தங்கை. முன்னால் ஒரு சிறிய பித்தளை மணி. பேசப்போகிறவர் தன் அண்ணி என்று அவள் முதல் நாளே எழுத்தில் தெரிவித்துவிட்டாள். அதனால் கருத்துச் சொல்லும் உரிமையைத் தலைவர் அவளிடமிருந்து எடுத்துவிட்டார். கேட்டதற்குத் தகவல் சொல்லலாம். நேரம் முடிந்தால் மணி அடிக்கலாம். அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் கல்வி ஒரு நதி என்றார். மணி அடித்தபோது நதி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. அடுத்தவர், ஆசிரியரை அளக்கும் கோல் இன்னும் செய்யப்படவில்லை என்றார். பலத்த கைதட்டல். தலைவர் கண்ணைத் திறக்காமல், "உங்க மாணவர்களுக்கு மார்க் போடறீங்களா?" என்று கேட்டார். கைதட்டல் நின்றது.

பேராசிரியர் நாலாவது வரிசையில் இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் அவருடைய துறையின் தற்காலிக விரிவுரையாளர்கள். ஒரு பெண், ஒரு ஆண். வருடா வருடம் நீட்டிக்கப்பட்டு வருகிறவர்கள். வரைவு அப்படியே நிறைவேறினால் இருவரும் நிரந்தரம்.

"மேடம் அடுத்தது சார்" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு மாலை மேடத்தைப் பிடிக்கும்.

மனைவி இரண்டு படி ஏறி மைக்குக்கு வந்தாள். கையில் தாள் இல்லை. மன்றத்தின் பேட்ஜ் தோளில் இருந்தது.

"எங்களை அளக்கணும்" என்றாள்.

பின் வரிசையில் அவளுடைய மன்றத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கண்ணைத் திறந்தார்.

"மக்கள் பணத்துல நடக்கற இடம். கேக்கறதுக்கு எல்லாருக்கும் உரிமை இருக்கு. நாங்க கேக்கறது ஒண்ணுதான். யாரை எண்ணறீங்க, யாரை விடறீங்கன்னு ஒருதரம் பாருங்க. எங்ககிட்ட ஒருத்தர் படிச்சார். பஸ் ஓட்டறவர். முதல்ல மத்திய வளாகத்துல சேந்தார். அங்க முடியல, எங்ககிட்ட மாறி வந்தார். ஏழு வருஷம் ஆச்சு. முடிச்சார். இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல இயற்பியல் சொல்லித்தர்றார்."

குரல் ஏறவில்லை. வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரல்.

"வரைவுப்படி, மத்திய வளாகத்துல அவர் பேரை எடுத்துடறீங்க. மாறிச் சென்றோர் கணக்குல வர மாட்டாங்கன்னு போட்டிருக்கு. எங்ககிட்ட நாலு வருஷம் தாண்டிட்டதால அவர் தோல்வி. அவர் வாங்கின பட்டம் எந்த வளாகத்துக் கணக்குலயும் இல்ல. அவர் வீட்டுச் சுவத்துல மட்டும்தான் இருக்கு."

தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"நியாயமான பேச்சு. அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். மாலைத் துறைகளுக்கு முழு விலக்கு. இந்த அளவீட்டுல நீங்க கிடையாது. மூடற பேச்சும் கிடையாது. உங்க மன்றத்துக்குச் சம்மதமா?"

பின் வரிசையில் ஒருவர் கை தட்டியே விட்டார். பேராசிரியர் மூச்சை விட்டார். வாங்கிக்க, என்றார் மனதுக்குள். வாங்கிக்கிட்டு இறங்கு.

மன்றம் கேட்காத ஒன்றுக்கு மன்றத்தின் பேச்சாளர் தானாகத் தலையாட்ட முடியாது. அவள் திரும்பி நின்றாள். "உங்க முடிவு என்ன?" என்றாள் பின் வரிசைகளைப் பார்த்து. கைகள் உயர்ந்தன. ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

அவள் மைக் பக்கம் திரும்பினாள்.

"விலக்கை மன்றம் ஏத்துக்குது. பதிவு பண்ணிக்கங்க."

தங்கை எழுதினாள்.

அப்போது மனைவி தோளிலிருந்து பேட்ஜைக் கழற்றினாள். மேசை மேல் வைத்தாள். மைக்கை விட்டு விலகி, இரண்டு படி இறங்கி, தரையில் நின்றாள்.

கூடத்தில் இருந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். பேட்ஜ் இருக்கும்வரை மன்றத்தின் குரல். சொந்தக் குரலில் பேச வேண்டுமானால் அதைக் கழற்றிவிட்டுத் தரையில் நிற்க வேண்டும். எங்கும் எழுதி வைக்காத வழக்கம். கழற்றியவரை மன்றம் மறுபடி எங்கும் பேச அனுப்பாது என்பதும் அதில் சேர்த்தி. பேராசிரியர் அந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார். பார்த்ததில்லை.

"இது நான் சொல்றது" என்றாள். மைக் இல்லாததால் முன்னைவிட மெதுவாகப் பேசினாள். எல்லோரும் காது கொடுக்க வேண்டியிருந்தது. "எங்களை விடாதீங்க சார். அளக்காத துறைக்கு ஆள் போட மாட்டாங்க. லேப் கேட்டா, நீங்க பட்டியல்லயே இல்லையேம்பாங்க. நீங்க மூட வேண்டாம், நாங்களா தேஞ்சு போயிடுவோம். மாறிப் போனவங்க பேரை அழிக்காதீங்க. எங்க போறாங்கன்னு பின்னாடியே போங்க. எட்டு வருஷம் கொடுங்க. முடிச்சா, ஆரம்பிச்சு வெச்சவங்களுக்கும் முடிச்சு வெச்சவங்களுக்கும் சேத்து எழுதுங்க. முடிக்கலைன்னா அதையும் ரெண்டு பேர் மேலயும் எழுதுங்க."

"அப்படிப் பாத்தா உங்க துறை பாதியைத் தாண்டுமா?"

"தெரியல சார். தாண்டலாம். தாண்டாமலும் போகலாம்."

"விலக்கு கைல இருக்கு. இது நிச்சயமில்ல."

"ஆமா சார்."

தலைவர் முன்னாலிருந்த வரைவைப் புரட்டினார்.

"மத்திய வளாகத்துக்கு அடி விழும். தெரியுமா?"

"தெரியும். முதல் அடி இயற்பியலுக்கு."

"அது எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"அங்க முடியாத பிள்ளைங்களைத் துறைத் தலைவர் எங்ககிட்டதான் அனுப்பறார். அன்பாத்தான் அனுப்பறார். டீ எல்லாம் வாங்கிக் கொடுத்து." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர் என் வீட்டுக்காரர்."

கூடம் சிரித்தது. பேராசிரியரின் காது சுட்டது. பக்கத்திலிருந்த பெண் சிரிக்கவில்லை.

"அனுப்ப வேண்டாம்னு சொல்லல. அனுப்பட்டும். நல்ல பிள்ளைங்க. ஆனா..."

மணி அடித்தது.

தங்கையின் கை மணி மேலேயே இருந்தது. முகத்தில் எதுவும் இல்லை.

"பரவாயில்ல, முடிங்க" என்றார் தலைவர்.

"மணி அடிச்சாச்சு சார்" என்றாள் மனைவி. நன்றி சொல்லிவிட்டு, சிலர் கை தட்ட நடந்தாள். பாதியில் நின்ற வாக்கியம் பாதியிலேயே நின்றது. எல்லோரும் அதைத் தங்களுக்குள் முடித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியரும்தான்.

தலைவர் தங்கை பக்கம் திரும்பினார். "மாறிப் போறவங்களைத் தொடர்ந்து எண்ண முடியுமா? தகவல் மட்டும் சொல்லுங்க."

"முடியும் சார்."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பேராசிரியர் அறிவார். சின்ன வயதில் வீட்டுப்பாடத்தை முடித்துவைத்துவிட்டு, அப்பா கேட்க மாட்டாரா என்று காத்திருப்பாள். இவள் இதற்குக் காத்திருந்திருக்கிறாள்.

"மத்தியானம் மத்திய வளாகத்துத் தலைவர்களைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்று தலைவர் எழுந்தார்.

*

கேன்டீனுக்குப் போகும் வழியில் மன்றத்து வேதியியல்காரர் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"வாய்க்கு வந்ததைத் துப்பிட்டீங்களே மேடம்."

"துப்பல சார். மன்றம் ஏத்துக்கிட்டதைச் சொல்லிப் பதிவு பண்ணிட்டுத்தான் பேசினேன்."

"அதான் தாங்கல. ஒழுங்கு மாறாம செஞ்சு, ஒழுங்கு மாறாம கவுத்துட்டீங்க." அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். பேட்ஜை நீட்டினார். "மேசை மேலயே கிடந்தது. என்ன பண்ணணும்னு தெரியல."

"செயலாளர்கிட்ட கொடுத்துடுங்க."

அவர் தலையாட்டினார். ஆனால் உடனே போகவில்லை. "என் பையனும் மாலை வகுப்புதான் படிச்சான்" என்றார். "ஆறு வருஷம்." பிறகு போனார்.

தங்கை தட்டோடு அவர்களைக் கடந்தாள். அண்ணியைப் பார்க்கவில்லை. முடிவு வரும்வரை விதி விதிதான். மூன்று மேசை தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பேராசிரியர் இரண்டு தம்ளர் டீயோடு வந்து மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ராத்திரி தூங்கியிருக்க மாட்டீங்க."

"நீ தூங்கினியா?"

"இல்ல."

அவர் டீயை நகர்த்தினார். "டீ வாங்கிக் கொடுக்கறதைக்கூடச் சொல்லணுமா?"

"அது நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"ஊரே சிரிச்சுது."

"உங்களைப் பாத்துச் சிரிக்கல. எனக்கு அதுகூடத் தெரியாதா?"

அவருக்குக் கோபமாக இருக்க வேண்டும் போலிருந்தது. இருக்க முடியவில்லை. அவள் இரண்டு படி இறங்கித் தரையில் நின்றதே கண்ணில் நின்றது. இத்தனை வருடங்கள் கூட வாழ்ந்தும், கதவுக்கு வெளியிலிருந்துதான் இவளைப் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. உள்ளே நுழையச் சொன்னவள் போல அவள் இன்று எல்லார் முன்னாலும் அவரைச் சொல்லிவிட்டாள்.

"அந்த ரெண்டு பிள்ளைங்க" என்றார். "நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டிருக்காங்க. வரைவு அப்படியே வந்தா நிரந்தரம். இப்ப என்ன ஆகும்னு தெரியாது."

அவள் தம்ளரை வைத்தாள். முதல்முறையாக அவள் முகம் மாறியது.

"தெரியும்" என்றாள். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

"நான் என்ன சொல்லட்டும்?"

"நீங்க மத்திய வளாகம். நான் சொல்லித்தரக் கூடாது." எழுந்தாள். அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "டீ ஆறுது, குடிங்க."

கூடத்து வாசலில் அந்தப் பெண் விரிவுரையாளர் காத்திருந்தாள். கூட இருந்தவன் தள்ளி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நானும் மேடத்துக்குக் கை தட்டினேன்" என்றாள். "மனசாரத்தான். ஆனா சார்... ஒரு தடவை 'நடைமுறைக்கு ஒத்து வராது'ன்னு சொன்னா போதும். எச்.ஓ.டி. சொன்னா எழுதிக்குவாங்க. அது பொய்கூட இல்ல."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. கெஞ்சவும் இல்லை. அதனால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

*

மத்தியானம் கூடம் முன்னைவிட நிறைந்திருந்தது. மத்திய வளாகத்துத் துறைத் தலைவர்கள் வரிசையாக எழுந்து, நடைமுறைக்கு ஒத்து வராது என்றார்கள். கணிதம் சொன்னது. பொருளாதாரம் சொன்னது. தமக்கும் அதே கருத்துத்தான் என்று வரலாறு சொல்லி உட்கார்ந்தது.

மனைவி பின் வரிசையில், சுவரோரம் நின்றிருந்தாள். மன்றத்துக்காரர்கள் அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை. மற்றவர்கள் பேசியபோதெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். வகுப்பில் தப்பான விடையையும் அப்படித்தான் கேட்பாள், கடைசிவரை.

"இயற்பியல் துறைத் தலைவர்" என்று தங்கை கூப்பிட்டாள். அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது இதுவே முதல்தடவை.

பேராசிரியர் எழுந்தார். மைக்குக்கு நடந்தார். முன்னால் தங்கை, கை மணி மேல். பின்னால் மனைவி. நாலாவது வரிசையில் அந்த இரண்டு விரிவுரையாளர்கள், அவரையே பார்த்தபடி.

"நடைமுறைக்கு..." என்று தொடங்கினார்.

தலைவர் கையை உயர்த்தினார்.

"நடைமுறையைத்தான் காலைல இருந்து கேட்டாச்சு சார். அதை உங்க தங்கச்சியே முடியும்னு சொல்லியாச்சு. உங்ககிட்ட கேக்க வேண்டியது வேற."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"உங்க ரூம்ல உக்காந்து டீ குடிச்சுட்டு எழுந்து போனாங்களே, அந்தப் பிள்ளைங்க. அவங்க உங்க மாணவர்களா, இல்லையா?"